ஜெயித்த பதினொருவரை மாற்றக் கூடாது

பஸ் டிப்போவில் எல்லோரும் அவளைக் கமெண்டரி என்றுதான் கூப்பிடுவார்கள். ஊழியர் அட்டையில் இருந்த சொந்தப் பெயர் சம்பளப் பிரிவுக்கு மட்டும் தெரிந்திருந்தது.

கண்டக்டராகச் சேர்ந்த புதிதில் ஸ்டேடியம் வழித்தடத்தை அவள் தலையில் கட்டினார்கள். மேட்ச் நாளில் கூட்டம் படியில் தொங்கும், மற்ற நாளில் ஈ ஓட்டலாம் என்பதால் யாருக்கும் வேண்டாத தடம் அது. மேட்ச் முடிந்து ஜனங்கள் கலைந்து வரும்வரை பஸ் வாசலிலேயே காத்து நிற்க வேண்டும். சும்மா நிற்கிறவளைப் பார்த்து இரக்கப்பட்டு, கேட்காரர் உள்ளே விட்டுவிடுவார். அவள் கால்பந்து ரசிகையானது அப்படித்தான். வருஷக் கணக்கில் அவள் எந்த மேட்சின் முதல் பாதியையும் பார்த்ததில்லை. எல்லாம் கடைசி அரைமணி நேரம்தான். யார் கோல் போட்டார்கள், எப்படிப் போட்டார்கள் என்பதைப் பக்கத்தில் நிற்பவரிடம் விசாரித்துத் தெரிந்துகொள்வாள்.

கடைசி அரைமணி நேரத்தை மட்டும் பார்க்கிறவர்களுக்கு வேறொரு ஆட்டம் தெரியும். மற்றவர்கள் பந்தைப் பார்ப்பார்கள். அவள் கால்களைப் பார்த்தாள். நன்றாக ஓடிக்கொண்டிருந்தவன் திடீரென்று தொடையின் பின்பக்கத்தைத் தேள் கொட்டியதுபோலப் பிடித்துக்கொள்வான். இன்னொருவன் கெண்டைக்கால் சுருட்டிக்கொண்டு விழுவான். கூட்டம் "நடிக்கிறான், நடிக்கிறான்" என்று கத்தும். இவளுக்கு மட்டும் மண்டைக்குள் ஒரு கேள்வி குடைந்துகொண்டே இருந்தது: நடிக்கிறவன் எல்லோரும் ஏன் கடைசி அரைமணி நேரத்திலேயே நடிக்கிறான்?

அந்தக் கேள்வி அவளை நூலகத்துக்குத் துரத்தியது. ஏற்கெனவே கையில் கிடைத்ததையெல்லாம் படிக்கிறவள்தான். இப்போது தசை, மூட்டு, மூச்சு என்று தேடிப் படித்தாள். பாதி புரிந்தது, மீதியைப் பயணிகளோடு வாதாடியே புரிந்துகொண்டாள். டிக்கெட் கொடுக்கிற கையை நிறுத்தாமல், "நேத்து பேக்ல ஆடினவன் விழுந்தானே, அவனைக் குறை சொல்லாதீங்க. வாரத்துக்கு மூணு மேட்ச் ஆட விட்டவனைச் சொல்லுங்க. உள்ளே போங்க, உள்ளே போங்க" என்பாள்.

ஏன் என்று கேட்காமல் எதையும் விழுங்கத் தெரியாத பிறவி. டிப்போவில் பதின்மூன்றாம் எண் பஸ்ஸை யாரும் எடுக்க மாட்டார்கள். கேட்டு வாங்கிக்கொண்டு போனவள் இவள் ஒருத்திதான். "மத்ததை விட பிரேக் நல்லாப் பிடிக்குது. நீங்க யாரும் தொடாததால தேயவே இல்லை. உங்க மூடநம்பிக்கைக்கு ரொம்ப நன்றி" என்று டிரைவர்கள் அறையில் வந்து சொன்னாள். அன்றிலிருந்து அவளைக் கண்டால் பாதிப் பேருக்குச் சிரிப்பு, மீதிப் பேருக்கு எரிச்சல்.

தம்பியும் அதே டிப்போவில்தான் டிரைவர். தற்காலிகம். பல வருஷமாகத் தற்காலிகம். டிப்போ அணியில் இடது ஓரத்தில் ஆடுவான். பந்து கிடைத்தால் யாருக்கும் கொடுக்காமல் கோல்வரை கொண்டுபோவான் என்பதால் அவனுக்கு நான்ஸ்டாப் என்று பெயர்.

அணிக்குப் பயிற்சியாளர் ஒர்க்ஷாப் ஃபோர்மேன். கெட்ட மனிதர் அல்லர். இஞ்சினைத் திறக்காமலே சத்தத்தை வைத்துக் கோளாறு சொல்லக்கூடியவர். அந்தத் திறமையை மனித உடம்புமேல் காட்டத் தொடங்கியதுதான் வினை. அவருடைய பயிற்சி முறை இதுதான்: ஓட லாயக்கில்லை என்று கழித்துப்போட்ட பழைய பஸ் ஒன்றை ஒருவர் டிப்போ முற்றத்தில் வட்டமடித்து ஓட்டுவார். பதினொரு பேரும் அதன் பின்னால் ஓட வேண்டும். யார் கை பின்பக்க பம்பரிலிருந்து எடுபடுகிறதோ அவன் இன்னொரு சுற்று ஓட வேண்டும். டீசல் புகையை மூச்சுமுட்டக் குடித்துக்கொண்டு, இரட்டை ஷிஃப்ட் முடித்து வந்த கால்களோடு, மேட்சுக்கு முந்தைய நாள்கூட ஓடினார்கள். "பஸ்ஸுக்கே மூச்சு வாங்குது, என் பசங்களுக்கு வாங்கலை பாரு!" என்று ஃபோர்மேன் பெருமைப்படுவார்.

"பஸ்ஸுக்காவது மாசம் ஒரு சர்வீஸ் உண்டு சார்" என்பாள் இவள்.

அந்த வருஷம் டிப்போ அணி ஜெயித்துக்கொண்டே வந்தது. ஜெயிக்க ஜெயிக்கச் சாமர்த்தியம் குறைந்து சகுனம் கூடியது. ஜெயித்த பதினொருவரை மாற்றக் கூடாது என்பது முதல் விதி. மைதானத்தில் இறங்கும் வரிசை மாறக் கூடாது என்பது இரண்டாவது. கோல்கீப்பர் கையுறையைத் துவைக்கக் கூடாது என்பது மூன்றாவது. எதிரணிக்காரர்கள் கோல் பக்கம் வரவே தயங்குகிற அளவுக்கு அந்தக் கையுறை நாறியது. எல்லா விதியிலும் இந்த ஒன்றில் மட்டும் கொஞ்சம் அறிவியல் இருக்கிறது என்று அவள் ஒப்புக்கொண்டாள்.

அரையிறுதி தண்ணீர் வாரிய அணியோடு. வழக்கம்போல அவள் கடைசிக் கட்டத்தில்தான் உள்ளே போனாள். போய் நின்ற கொஞ்ச நேரத்தில் தம்பி இடது ஓரத்தில் பந்தோடு பாய்ந்தான். பாதி வழியில் யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்ததுபோல நின்றான். யாரும் இழுக்கவில்லை. கை இடது தொடையின் பின்பக்கம் போனது.

"நடிப்பைப் பாரு" என்றார் பக்கத்தில் நின்றவர்.

"நீங்க வீட்டு மாடிப்படியில அப்படி ஓடிட்டு வாங்க. அப்புறம் பேசலாம்" என்றாள். அவர் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

ஃபோர்மேன் ஸ்பிரே டப்பாவோடு ஓடினார். வலி மரத்துப்போக அதைப் புஸ்ஸென்று அடித்தார், முதுகில் தட்டினார், எழுப்பிவிட்டார். தம்பி நொண்டிக்கொண்டே மீதி ஆட்டத்தை ஆடினான். வேறொருவன் கோல் போட்டு அணி ஜெயித்தது. தம்பியைத்தான் தோளில் தூக்கினார்கள். வலியோடு ஆடினவன் அல்லவா! தூக்கியவர்கள் அந்தத் தொடையையே இறுக்கிப் பிடித்திருந்ததையும், தோள்மேல் இருந்தவன் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்ததையும் அவள் பார்த்தாள்.

மறுநாள் டிப்போ முற்றத்தில் மேனேஜர் எல்லோரையும் கூட்டிப் பேசினார். கோப்பை வந்தால், அணியில் ஆடிய தற்காலிகக்காரர்களை நிரந்தரம் செய்யச் சொல்லித் தானே தலைமையகத்துக்கு எழுதப்போவதாக அறிவித்தார். கைதட்டல் பட்டறைத் தகரத்தை அதிரவைத்தது. தம்பியும் தட்டினான். கனரக வண்டியில் கிளட்ச்சை மிதிக்கிற காலும் அந்த இடது கால்தான். கால் போனால் வேலையே போகும். இறுதி ஆட்டத்தில் ஆடாவிட்டால், வரப்போகிற வேலை போகும். கூட்டம் கலைந்ததும் அக்கா அவனைத் தேடிப் போனாள்.

ஒர்க்ஷாப்புக்குள் போனால், தம்பி பெஞ்சில் குப்புறப் படுத்திருக்கிறான். ஃபோர்மேன் கொதிக்கக் கொதிக்கத் துணியை நனைத்து ஒத்தடம் கொடுத்துவிட்டு, தைலத்தை ஊற்றிக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.

"சார், யார் உங்களைத் தேய்க்கச் சொன்னது?"

"ஏம்மா, இறுகிப்போன போல்ட்டை எப்படிக் கழட்டுவே? சூடு காட்டித்தானே?"

"அது இரும்பு. இது சதை. உள்ளே கிழிஞ்சிருக்கு சார்."

"கிழிஞ்சிருந்தா ரத்தம் வரணுமே. எங்கே ரத்தம்?"

"உள்ளே கசியும்."

"நீ பார்த்தியா?"

"பார்க்கலை, ஆனா..."

"கண்ணால பார்க்காததை நம்பமாட்டேன்னு ஊரெல்லாம் நீதானே சொல்லிட்டுத் திரியறே!" ஒர்க்ஷாப்பே சிரித்தது. தம்பியும் பெஞ்சில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினான். அவளுக்குக் காது சூடேறியது.

"சரி, விடுங்க. ஸ்டெப்னியை இறக்கலாமில்ல?"

ஸ்டெப்னி என்பது மாற்று ஆட்டக்காரன். டயர் பிரிவில் வேலை, அவனும் தற்காலிகம். அந்த சீசன் முழுக்க ஜெர்சி போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்ததைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை. பஸ்ஸுக்குப் பின்னால் ஓடக்கூட அவனைக் கூப்பிடவில்லை. பம்பரில் பதினொரு கைக்குத்தான் இடம் இருந்தது.

"நல்ல பையன்தான். ஆனா ஜெயிச்ச பதினொன்னை மாத்தக் கூடாது."

"ஸ்டெப்னி இல்லாம ஒரு வண்டியைக் கேட்டுக்கு வெளியே விடுவீங்களா சார்?"

"விடமாட்டேன்."

"டயர் போனா மாத்துவீங்களா?"

"மாத்தாம?"

"அப்போ இதுல மட்டும் ஏன் மாத்தக் கூடாது?"

"பஸ்ஸு என்ன கோப்பையா வாங்கப்போகுது?"

டயர் அடுக்குக்குப் பின்னாலிருந்து ஸ்டெப்னியின் குரல் வந்தது: "அக்கா, என்னை ஏன் நடுவுல இழுக்கறீங்க? நான் பாட்டுக்குப் பஞ்சர் ஒட்டிக்கிட்டு இருக்கேன்."

தம்பியைக் கையோடு இழுத்துக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே பிசியோதெரபி பார்க்கிற அம்மா அவனைக் குப்புறப் படுக்கவைத்து, குதிகாலைப் பிடித்துக்கொண்டு மடக்கச் சொன்னார். மடக்க முடியவில்லை. தசைநார் பாதி கிழிந்திருக்கும் என்றார். வேகமாக ஓடினால் மீதியும் போகும். மெதுவாக வலுவேற்ற வேண்டும், நடை, பிறகு மெல்லோட்டம், வேகம் எல்லாவற்றுக்கும் கடைசியில்.

"நான் விடாம ஐஸ் வச்சுக்கிட்டு இருக்கேன் டாக்டரம்மா" என்றாள் அக்கா, கொஞ்சம் பெருமையாக.

"ஐஸ் வச்சா வலி மரத்துப்போகும். அவ்வளவுதான். கிழிஞ்சது ஒட்டாது. வலி தெரியலைன்னதும் ஆறிடுச்சுன்னு இவர் எழுந்து ஓடினார்னா, மைதானத்துல அடிக்கிற ஸ்பிரேவுக்கும் உங்க ஐஸுக்கும் என்ன வித்தியாசம்?"

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அந்த அம்மாவை அவளுக்குப் பிடித்துப்போனது. ஏன் என்று சொல்லித் திட்டுகிறவர்கள் குறைவு.

ஆஸ்பத்திரியில் எல்லாவற்றுக்கும் தலையாட்டிய தம்பி, வாசலைத் தாண்டியதும், "அக்கா, இதை டிப்போவுல யார்கிட்டயும் சொல்லிடாதே" என்றான்.

சொன்னாள். நேராக மேனேஜர் அறைக்கே போய்ச் சொன்னாள். அலமாரி முழுக்கக் கேடயங்கள். ஒவ்வொன்றிலும் மேனேஜர் பெயர் பெரிதாக, ஆடியவர்கள் பெயர் எங்கும் இல்லை.

"விளையாட்டுன்னா அடி படத்தான் செய்யும். அதுதானே விளையாட்டு மனப்பான்மை?" என்றார் மேனேஜர்.

"அடி பட்டா டியூட்டில பட்ட அடின்னு எடுத்துப்பீங்களா சார்?"

"அதெப்படி? ஆட்டம் பொழுதுபோக்கு. அவங்க இஷ்டப்பட்டு ஆடறாங்க."

"பொழுதுபோக்குல ஜெயிச்சா வேலை நிரந்தரம், கால் உடைஞ்சா சொந்தப் பொறுப்பு. அப்படித்தானே?"

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை. "உங்க தம்பியே வந்து ஆட முடியலைன்னு சொல்லட்டும். நான் யாரையும் கட்டாயப்படுத்தலை" என்றார்.

இதைவிடக் கெட்டிக்காரத்தனமான கட்டாயம் உலகத்தில் உண்டா? சோற்றைத் தூரத்தில் வைத்துவிட்டு, நடந்து வருவது உன் விருப்பம் என்பது. அவள் கதவைச் சாத்திய சாத்தலில் ஒரு கேடயம் உள்ளே விழுந்த சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

தம்பி வீட்டுக்குப் போனாள். தம்பி மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, நீங்களே கேளுங்க. படியில நேரா இறங்க முடியலை. பக்கவாட்டுல நண்டு மாதிரி இறங்கறார். கேட்டா, புது ஸ்டைலாம்."

"டேய்" என்றாள் அக்கா.

"ஆரம்பிச்சுட்டியா?" தம்பி காலைத் தலையணைமேல் தூக்கி வைத்திருந்தான்.

"ஒரு மேட்ச்டா. ஒரே ஒரு மேட்சை விடு. கால் இருந்தா அடுத்த வருஷம் ஆடலாம்."

"அடுத்த வருஷம் இவர் மேனேஜரா இருப்பாரா? வேற ஒருத்தர் வந்து, கேரம் ஆடறவனுக்குத்தான் நிரந்தரம்னுவார். கேரம் கத்துக்கட்டுமா?"

"சிரிக்காதே. கிழிஞ்ச காலோட நீ ஓடறதைப் பார்த்துக்கிட்டு நிக்க என்னால முடியாது."

அவன் முகம் மாறியது. "நீ பார்க்கறவ. நான் ஆடறவன். ரெட்டை ஷிஃப்ட் ஓட்டிட்டு வந்து, ராத்திரி காலை மடக்க முடியாம எத்தனை தடவை இதே கட்டில்ல கிடந்திருக்கேன்? அப்போ எந்தப் புஸ்தகத்தைத் தூக்கிட்டு எந்த மேனேஜர்கிட்ட போனே? வேலையில கால் தேயறது யாருக்கும் தெரியாது. மைதானத்துல போனா, நாலு பேராவது கைதட்டுவாங்க."

தம்பி மனைவி மடிப்பதை நிறுத்திவிட்டாள். அவன் சொன்னது நியாயம். தப்பான முடிவுக்கு இவ்வளவு நியாயமான காரணம் இருக்கிறதே என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள்.

இறுதி ஆட்டம் தபால்காரர்கள் அணியோடு. அவள் அரைநாள் விடுப்புப் போட்டாள். சீருடைக் கால்சட்டையிலேயே வந்து, முதல் விசிலுக்கு முன்பே வேலியோரம் நின்றாள். அவளிடம் ஒரு கணக்கு இருந்தது. கால் எப்படியும் கடைசியில்தான் கைவிடும், இடைவேளையில் அவனைப் பிடித்துப் பேசிவிடலாம் என்று நினைத்திருந்தாள். வருஷக் கணக்கில் பார்த்துப் பார்த்துச் சேர்த்த அறிவு அது.

அந்த அறிவு முதல் பாதியிலேயே பொய்த்துப்போனது. ஏற்கெனவே கிழிந்த தசைக்குக் கடைசி அரைமணி நேரம் வரை காத்திருக்க என்ன தலையெழுத்து? யாரும் தொடாத ஒரு பந்தைத் துரத்தி ஓடியவன், சுடப்பட்டதுபோல முன்னால் விழுந்தான். அவன் போட்ட சத்தம் வேலிவரை கேட்டது. கூட்டத்தில் ஒரு பகுதி வழக்கம்போல, "நடிப்பு! நடிப்பு!" என்றது.

ஃபோர்மேன் ஸ்பிரே டப்பாவோடு ஓடினார். புஸ்ஸென்று அடித்தார். அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார். அவன் ஒற்றைக்காலில் எழுந்து நின்றான். ஃபோர்மேன் அவன் முதுகைத் தட்டினார். அவன் தலையாட்டினான். ஆடப்போகிறான்!

எப்படி வேலியைத் தாண்டினாள் என்று அவளுக்கே தெரியாது. இடுப்புயரக் கம்பி வேலி. கால்சட்டை ஓரம் கிழிந்தது மட்டும் பிறகு தெரிந்தது. புல்வெளியில் அவள் ஓடுவதைப் பார்த்துக் கூட்டம் குஷியாகிவிட்டது.

"அக்கா வந்துட்டாங்க! பால் புட்டி எங்கேக்கா?"

"கமெண்டரி, டிக்கெட் எடுத்தாச்சா?"

நடுவர் குறுக்கே வந்தார். "யாரும்மா நீங்க? வெளியே போங்க."

"போறேன். இவனையும் கூட்டிட்டுத்தான் போவேன்."

"யாரை ஆடவைக்கணும்னு அவங்க பயிற்சியாளர் சொல்லணும்."

"யாரு காலோ அவன் சொல்லட்டும்!" என்று கத்தினாள். தம்பியின் முகத்துக்கு நேரே போய் நின்றாள். தூரத்தில் இருந்து தெரியாதது கிட்டத்தில் தெரிந்தது. அவன் உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. அவளுக்குக் குரல் இறங்கிவிட்டது. "வீட்டுல நீ சொன்னதுக்கு என்கிட்ட பதில் இல்லைடா. இப்பவும் இல்லை. ஆனா நாளைக்குப் படி இறங்கணும். அதை மட்டும் யோசி."

அவன் ஃபோர்மேனைப் பார்த்தான். மேனேஜர் உட்கார்ந்திருந்த பந்தலைப் பார்த்தான். பிறகு காற்றுப்போன டயர்போல அப்படியே புல்லில் அமர்ந்தான்.

"முடியலை சார். மாத்துங்க."

ஃபோர்மேனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் காலுக்காக அல்ல, உடைந்துபோன பதினொன்றுக்காக. "எல்லாம் போச்சு, எல்லாம் போச்சு" என்று முனகிக்கொண்டே ஸ்டெப்னிக்குக் கைகாட்டினார். ஸ்டெப்னி ஷூ கயிறு கட்டக்கூட மறந்து எழுந்து ஓடிவந்தான்.

கடைசி அரைமணி நேரத்தில் நடந்ததை மைதானமே பார்த்தது. பஸ்ஸுக்குப் பின்னால் ஓடி ஓடிச் சலித்த பத்துப் பேரும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்கள். ஸ்டெப்னி ஒருவன் மட்டும் அப்போதுதான் அவிழ்த்துவிட்ட கன்றுபோலத் துள்ளினான். சீசன் முழுக்க ஓய்விலிருந்த கால்கள். தபால்காரர்கள் அவனைத் துரத்தி ஓய்ந்தார்கள். முடியப்போகிற நேரத்தில் கோல் போட்டான். கோப்பை டிப்போவுக்கு வந்தது.

ஓய்ந்த கால் பத்து, ஓய்வெடுத்த கால் ஒன்று, கோல் போட்டது எது? ஒன்றாம் வகுப்புக் கணக்கு. இனியாவது புரிந்துகொள்வார்கள் என்று அவள் நினைத்தாள். அந்த நினைப்புக்காக அவளைத்தான் சொல்ல வேண்டும்.

மேனேஜர் சொன்னபடி தலைமையகத்துக்கு எழுதினார், "இறுதிவரை ஆடியவர்களை" நிரந்தரம் செய்யும்படி. அந்த ஒரு வார்த்தையில் தம்பி வெளியே விழுந்தான். ஸ்டெப்னி உள்ளே போனான். ஸ்டெப்னி தம்பி வீட்டுக்கு வந்து, தேநீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "உன் இடம்டா இது" என்று அழுதான். தம்பிதான் அவனைத் தேற்ற வேண்டியிருந்தது.

வண்டி ஓட்ட முடியாதவனுக்கு டிப்போவில் பயணிகளுக்குப் பஸ் நேரம் சொல்கிற விசாரணை ஜன்னலில் உட்காருகிற வேலை தருவது உண்டு, டியூட்டியில் அடிபட்டிருந்தால். தம்பி டிப்போவின் ஆட்டத்தில், டிப்போ சொல்லி ஆடி, அடிபட்டான் என்று பயிற்சியாளர் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். அக்கா ஃபோர்மேனிடம் போனாள். "விளையாட்டுல பட்டது விளையாட்டோட போச்சும்மா" என்றார். மறுபடி போனாள். மேனேஜரைக் கேட்க வேண்டும் என்றார். மறுபடியும் போனாள். கிரீஸ் கையோடு கையெழுத்துப் போட முடியாது என்றார். கையைக் கழுவிவிட்டு வரச் சொல்லிக் காத்திருந்தாள். பின்வாசல் வழியாகப் போய்விட்டார். சம்பளமில்லாத விடுப்பு நீண்டது. இன்னும் கொஞ்சம் நீண்டால் தற்காலிகம் என்பதும் போய்விடும்.

பிசியோதெரபி அம்மா சொல்லிக்கொடுத்த பயிற்சிகளைத் தம்பி செய்தான். மல்லாந்து படுத்து, குதிகாலை ஊன்றி இடுப்பைத் தூக்க வேண்டும். தூக்கும்போதெல்லாம் விட்டத்தைப் பார்த்து ஃபோர்மேனைத் திட்டுவான். அதுவும் பயிற்சியில் சேர்த்தி என்றாள் அவன் மனைவி.

அடுத்த போட்டி அறிவிக்கப்பட்ட வாரம், ஸ்டேடியம் வாசலில் நின்ற பஸ்ஸைத் தேடிக்கொண்டு ஃபோர்மேனே வந்தார். படியேறி, அவள் எதிர் சீட்டில் உட்கார்ந்தார். கை சுத்தமாக இருந்தது.

"ஏம்மா, முதல் மேட்சுக்கு நீ வரணும்."

"எதுக்கு சார்?"

அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பதினொன்னு உடைஞ்சும் எப்படி ஜெயிச்சோம்னு யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன். தூக்கமே வரலை. அப்புறம்தான் பொறி தட்டிச்சு. நீ வேலியைத் தாண்டி வந்தே பாரு, அதுக்கப்புறம்தான் எல்லாம் மாறிச்சு. உன் கால் பட்ட ராசி."

கண்ணெதிரே நடந்த கோலை விட்டுவிட்டு, ஓய்ந்த பத்துப் பேரை விட்டுவிட்டு, கிழிந்த காலை விட்டுவிட்டு, இந்த மனிதர் கடைசியில் கண்டுபிடித்தது அவளுடைய காலை!

"சார், ஸ்டெப்னி ஓய்வுல இருந்தான். அதான் ஓடினான். மேட்சுக்கு முந்தின ரெண்டு நாள் அந்த பஸ் ஓட்டத்தை நிறுத்திப் பாருங்க. ராசியெல்லாம் தானா வரும்."

"அதெல்லாம் இருக்கட்டும். நீ வருவியா, மாட்டியா?"

கோபத்தில் எழுந்து அவரை இறங்கச் சொல்லப்போனவள், நின்றாள். பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தாள். தம்பிக்காக எழுதி, மடித்து மடித்து ஓரம் நைந்துபோன தாள்.

"இதுல இருக்கறது உண்மையா, பொய்யா?"

அவர் படித்தார். "உண்மைதான்."

"அப்போ போடுங்க."

"போட்டா வருவியா?"

"உண்மைன்னு நீங்களே சொன்னீங்க. அதுக்காகப் போடுங்க சார். எனக்காக வேணாம், ராசிக்காக வேணாம். மேட்சுக்கு வர்றேன்னு நான் சொல்லவே மாட்டேன்."

"எதுக்காகப் போட்டா என்னம்மா? கையெழுத்து ஒண்ணுதானே" என்று சொல்லிக்கொண்டே அவள் பேனாவை வாங்கிப் போட்டுவிட்டார். மேனேஜரைக் கேட்கவில்லை. தேதியைக்கூட அவராகவே எழுதினார். உண்மைக்காக எத்தனை நடை நடந்தாள், நகராத பேனா! ஒரு மடத்தனத்துக்காக ஓடி வந்து எழுதுகிறது. தாளை அவர் கையிலிருந்து வாங்கும்போது, ஜெயித்த மாதிரியே அவளுக்கு இல்லை. யாரையாவது அறைய வேண்டும்போல இருந்தது. ஆனால் தம்பி நாளை ஜன்னலில் உட்காரலாம். தாளைப் பத்திரமாக உள்பையில் வைத்தாள்.

ஃபோர்மேன் படியில் இறங்கியவர், திரும்ப ஏறி வந்தார்.

"ஒண்ணு கேக்க மறந்துட்டேன். வேலியைத் தாண்டினப்போ எந்தக் காலை முதல்ல தூக்கிப் போட்டே? இடதா, வலதா?"

"ஞாபகம் இல்லை சார்."

"ஐயையோ" என்று அவர் நெஞ்சில் கைவைத்தார். "அதைக் கொஞ்சம் யோசிச்சுச் சொல்லும்மா. அதுதானே முக்கியம்!"

அவள் மணிக்கயிற்றை இரண்டு முறை இழுத்தாள். டிரைவர் திரும்பிப் பார்த்து, "இன்னும் கூட்டமே வரலையேக்கா" என்றார்.

"பரவாயில்லை. எடுங்க."